கழுத்தில் ஒட்டியிருந்த விலை

"நாலு மணிக்கு என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க. இப்ப மணி ஒண்ணு பத்து. சாதாரணமா ஒரு கேசை முடிக்க நீங்க எத்தனை நாள் எடுப்பீங்க?" என்று கேட்டாள் தசமம்.

கேட்டது அண்ணியை. பதில் சொன்னது சரவெடி.

"நாள் எதுக்குங்க? எங்க அண்ணன் ஒளிச்சு வச்சிருந்த சிகரெட் பாக்கெட்டைக் கண்டுபிடிக்க அண்ணிக்கு ஏழு நிமிஷம் ஆச்சு. அதுவும் கல்யாணமாகி வீட்டுக்குள்ள கால் வச்ச அன்னிக்கு. அதுல நாலு நிமிஷம் செருப்பைக் கழட்டவே போயிடுச்சு."

தசமம் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த அட்டைப் பெட்டியில் தன் பொருள்களை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தாள். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஜோடி செருப்பு, குழந்தை கிறுக்கிய ஒரு படம். கால்குலேட்டரை மட்டும் இன்னும் கையில் பிடித்திருந்தாள்.

அண்ணியின் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். அண்ணி பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்பவர்களையும், காலை நொண்டிக்கொண்டு வந்து வாசல் தாண்டியதும் நேராக நடப்பவர்களையும் பிடிப்பதே அவள் வேலையாக இருந்தது. உதவியாளன் சரவெடி, அவள் கணவனின் தம்பி. ஏழு வருஷம் ஃபோன் ஷோரூமில் நின்று விற்றவன். 'இந்த ஃபோன் நல்லா உழைக்குமா' என்று கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொன்னதால் வேலை போயிற்று. அண்ணிக்கு அது தகுதியாகப்பட்டது, சேர்த்துக்கொண்டாள்.

தசமத்துக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. 'சிட்டு' ஃபோன் கம்பெனியில் விலைப்பிரிவு அதிகாரி. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காகக்கூட முதலாளியோடு சண்டை போடுவாள் என்பதால் ஆபீஸ் முழுக்க அவளைத் தசமம் என்றே கூப்பிட்டது.

கதவு திறந்து அந்த முதலாளியே உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல உயரம். இவர்களைப் பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்பவில்லை. பீரோவை நகர்த்துவது போல முழு உடம்பையும் சுழற்றி நிறுத்தினார்.

"விஷயம் சுருக்கமா இதுதான். மலிவு ஃபோன் வாங்குறவங்களுக்கு ஊர்ல ரெண்டே கம்பெனி. ஒண்ணு நாங்க, இன்னொண்ணு 'மின்மினி'. அதே கேமரா, அதே பேட்டரி. வித்தியாசம் விலையில மட்டும்தான். அந்த விலையை நான் சொல்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அவன் குறைச்சுச் சொல்லிடறான். மூணு ஃபோன், மூணு தடவையும் இதே கதை. இவ புருஷன் வேலை செய்யறது மின்மினி சர்வீஸ் சென்டர்ல. இதுக்கு மேல துப்பறிய என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. இயக்குநர்கள்தான் வெளியாள் ஒருத்தர் பாக்கட்டும்னு சொன்னாங்க. அதான் நீங்க வந்திருக்கீங்க."

"வீட்டுல ஃபோன் பத்தியே நாங்க பேசறதில்ல சார். பேசினா சாப்பாடு ஆறிடும்," என்றாள் தசமம்.

அண்ணி சுவரில் இருந்த வெள்ளைப் பலகையருகே போனாள். "மூணு தடவையும் என்ன விலை?"

தசமம் பார்க்காமலே சொன்னாள். அண்ணி எழுதினாள்.

முதல் ஃபோன்: சிட்டு 9,999. மின்மினி 9,850.

இரண்டாவது: சிட்டு 8,999. மின்மினி 8,850.

மூன்றாவது, நேற்று வியாழக்கிழமை வெளியானது: சிட்டு 7,499. மின்மினி 7,650.

"மூணாவதுல அவங்கதானே உங்களைவிட அதிகம்?" என்றாள் அண்ணி.

"அது எங்க அதிர்ஷ்டம். ஒற்று சொன்னவங்க அவசரத்துல தப்பாச் சொல்லியிருப்பாங்க." முதலாளி உடம்பை மறுபடி நகர்த்தித் தசமத்தின் பக்கம் நிறுத்தினார்.

"7,499ங்கற விலையை எப்ப கொடுத்தம்மா?" என்று அவளைக் கேட்டாள் அண்ணி.

"திங்கக்கிழமை காலையில. எழுத்துல. சார் கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. அவருக்குப் பிடிக்கல, ஆனா வாங்கிக்கிட்டாரு."

"அப்ப திங்கக்கிழமையே உனக்குத் தெரிஞ்ச ஒரே விலை 7,499. அதை வித்திருந்தா மின்மினி அதுக்குக் கீழ வந்திருப்பான். மேல வந்து எதுக்கு அசிங்கப்படணும்?"

முதலாளி உடம்பைச் சுழற்றிப் பலகையைப் பார்த்தார்.

சரவெடி இதையெல்லாம் கேட்கவில்லை. பலகையின் வலது பக்கத்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். 9,850. 8,850. எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தன அந்த எண்கள். ஷோரூம் ஞாபகம் வந்தது. நின்று நின்று வீங்கும் கால்களும், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் குடும்பங்களும்.

"அண்ணி, இது கம்பெனி போட்ட விலையே இல்ல."

"அப்புறம்?"

"கம்பெனி விலை எப்பவும் தொண்ணூத்தொன்பதுல முடியும். அது அவங்க வியாதி. ஐம்பதுல முடியற விலையைக் கேக்கறது வாங்க வர்ற ஆளுங்கதான். பத்தாயிரம் கொண்டு வருவாங்க. பின்னாடி கவர், முன்னாடி கிளாஸ், ரெண்டும் சேர்த்து நூத்தம்பது. உடனே நம்மகிட்ட, 'ஃபோனை 9,850க்குப் போடுங்க, எல்லாம் சேர்த்து பத்துக்குள்ள முடிச்சுக்கலாம்'பாங்க. ஏழு வருஷம் தினமும் காதுல விழுந்த பேரம் இது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அண்ணி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவள் பாராட்டு அவ்வளவுதான். பிறகு பலகையில் 7,650க்குப் பக்கத்தில் நூற்றைம்பதைக் கூட்டினாள்.

"7,800. அதாவது 7,799. அந்த விலையை யாரு சொன்னது?"

முதலாளியின் காதுகள் இரண்டும் சிவந்தன.

"என் மனசுல இருந்தது. இவ 7,499ன்னு எழுதினது ரொம்பக் குறைச்சல்னு பட்டுது. புதன்கிழமை ராத்திரிவரைக்கும் 7,799தான் என் முடிவு. வியாழக்கிழமை காலையில கார்ல வரும்போதுதான் மனசு மாறி இவ விலைக்கே வந்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல. என் சம்சாரத்துகிட்டகூடச் சொல்லல."

"தனியா இருக்கும்போது வாய்விட்டுப் பேசிக்கற பழக்கம்?"

"அம்மா, நான் முப்பது வருஷமா வியாபாரம் பண்றவன்," என்றார் அவர் இறுகிய குரலில். "என்னையே ஒற்றன்னு சொல்லாதீங்க. நாலு மணிக்குள்ள ஆளைக் காட்டுங்க. காட்டலைன்னா இவளோட டிஸ்மிஸ் கடிதத்துல கையெழுத்துப் போடுவேன். போலீஸ் புகார்ல இவ பேரும் இருக்கும், இவ புருஷன் பேரும் இருக்கும்."

போகும்போது கீழே விழுந்த பேனாவை எடுக்க அவர் முதுகை மடக்காமல் முழங்காலில் உட்கார்ந்தார். காலர் விலகியது. பிடரியில் நீல நிற மருத்துவ டேப் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரம் ரம்பப் பல் போல வளைந்து வளைந்து வெட்டப்பட்டிருந்தது.

அண்ணியின் பார்வை அங்கே போனதைச் சரவெடி கவனித்தான். ஏன் போனது என்று புரியவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது தசமத்தின் அட்டைப் பெட்டியே அவன் கண்ணில் நின்றது. "குழந்தை படத்தைக்கூடக் கழட்டி வச்சிட்டா அண்ணி. அந்த ஆளு மூஞ்சியைப் பாத்தா மூணே முக்காலுக்கே கையெழுத்துப் போட்டுடுவாரு போல."

"அதனாலதான் வேகமா நடக்கணும்."

வெளியே வெயில் சுளீரென்று அடித்தது. எதிர்க் கட்டிடத்தின் உச்சியில் மின்மினியின் விளம்பரப் பலகை நான்கு மாடி உயரத்துக்கு நின்றது. குட்டையான, குண்டுக் கன்னங்களுடைய ஒரு மனிதர் பக்கவாட்டில் திரும்பி, கையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"மின்மினி முதலாளியேதான். நடிகருக்குக் கொடுக்கற காசு மிச்சம்னு அவரே வந்து நின்னுடுவாரு. படத்தைத் திருத்தறவனுக்கும் காசு கொடுத்திருக்க மாட்டாரு. பாருங்களேன், காலருக்கு மேல என்னவோ ஒட்டிக்கிட்டு..."

சரவெடி பாதியில் நின்றான்.

நான்கு மாடி உயரத்தில் கழுத்து. அதில் ஓர் ஆள் நீளத்துக்கு நீல டேப். ஓரம் முழுக்க ரம்பப் பற்கள்.

"மெடிக்கல் டேப்பை நேரா வெட்டுவாங்க. இல்லைன்னா மூலையை உருட்டி வெட்டுவாங்க," என்றாள் அண்ணி. "பல்லு வச்ச கத்தரிக்கோல் எதுக்கு வரும்?"

"தையக்கடையில. துணி ஓரம் பிரியாம இருக்க."

"ரெண்டு முதலாளிக்கும் ஒரே கத்தரிக்கோல். வா, டிரைவரைப் பார்ப்போம்."

சிட்டு முதலாளியின் டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ரகசியம் எதுவும் இல்லை. "ஐயாவுக்குக் கழுத்து எலும்புல தேய்மானம்மா. செவ்வாய்க்கிழமை தவறாம அஞ்சு மணிக்கு பிசியோ அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போவேன். மார்க்கெட் ரோட்டுல, லேடீஸ் டெய்லர் மாடியில."

மார்க்கெட் ரோட்டின் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. லேடீஸ் டெய்லர் கடையின் பக்கவாட்டுப் படிகள் ஒரு ஆள் ஏறும் அகலம்தான். பாதிப் படியில் அண்ணி நின்றாள்.

"உனக்குக் கழுத்து வலி."

"எனக்கா? இல்லையே."

"இனிமே வரும்."

மாடியில் சின்ன அறை. வாசலில் ஒரு நீள பெஞ்சு, உள்ளே ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் கட்டில். கட்டிலின் தலைமாட்டில் முகத்தை வைக்க ஒரு ஓட்டை. பிசியோ அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கைவரை எண்ணெய்ப் பளபளப்பு. சரவெடியைக் குப்புறப் படுக்க வைத்து, பிடரியில் கட்டைவிரலை அழுத்தினார்.

"அம்மாடி," என்றான் சரவெடி, நடிக்காமல்.

"ரெண்டு தலையணை வச்சுப் படுக்கறீங்களா தம்பி?"

"மூணு."

"அதான் இப்படிக் கல்லு மாதிரி இருக்கு. மூச்சை விடுங்க. மனசுல எதையும் புடிச்சு வச்சுக்காதீங்க."

அவர் விரல்கள் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே எதையோ தேடிக் கண்டுபிடித்து அவிழ்த்தன. ஓட்டை வழியாகத் தரையின் ஓடுகளும், அவருடைய ரப்பர் செருப்பும் மட்டுமே தெரிந்தன. எதிரில் ஒரு முகம் இல்லாததே பெரிய நிம்மதியாக இருந்தது. மூன்று நிமிஷம் போயிருக்கும். தன் குரலே எங்கிருந்தோ கேட்பது போலச் சரவெடிக்குக் கேட்டது.

"போன மாசம் அண்ணி கார் கதவைத் தூண்ல இடிச்சது நான்தாங்க. பார்க்கிங்ல எவனோ இடிச்சிட்டான்னு சொல்லிட்டேன்."

"சொல்லிடுங்க தம்பி. சொல்லிட்டா தோள் இறங்கும்."

"இப்பவே சொல்லியாச்சு," என்றது திரைக்கு வெளியே அண்ணியின் குரல். திரை விலகியது. "கதவு விஷயத்தை வீட்டுல பேசிக்கலாம். ஆனா இங்க படுத்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுபோச்சு. நான் துப்பறியறவம்மா. ஒரு பொண்ணோட வேலை போகப்போகுது. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் கழுத்து வலின்னு வருவாரே, உயரமா, அவரு உங்ககிட்ட ஃபோன் பத்திப் பேசுவாரா?"

பிசியோ அம்மா கையைத் துண்டில் துடைத்தபடி யோசித்தார். "அவங்கவங்க வலி சமாச்சாரத்தை நான் வெளிய சொல்ல மாட்டேன்."

"வலியைக் கேக்கல. விலையை மட்டும் கேக்கறேன்."

"விலையா? அதுல என்ன ரகசியம்? செவ்வாய்க்கிழமைக் கழுத்து ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, 'நீங்க சாதாரண ஜனம், புது ஃபோனுக்கு இவ்வளவு தருவீங்களா'ன்னு. இந்தத் தடவை 7,799ன்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன். மறுநாள் புதன்கிழமைக் கழுத்து வரும்."

"குட்டையா, கன்னம் குண்டா?" என்றான் சரவெடி, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து.

"ஆமா. அவரும் அதையேதான் கேப்பாரு, எவ்வளவுன்னா வாங்குவீங்கன்னு. 'ஒருத்தர் 7,800ன்னு சொல்லியிருக்காரு, நீங்க 7,650க்குக் கொடுத்தா கவரும் கிளாஸும் சேர்த்து அதுக்குள்ள முடியும்'னேன். ரெண்டு பேரும் ஃபோன் கடை வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். ரெண்டு கடையில விசாரிச்சு வாங்கறது ஒரு தப்பா?"

"தப்பே இல்லைங்க. அப்புறம் ஏன் இன்னும் வாங்கல?"

அவர் ஜன்னல் ஓரத்தில் இருந்த தன் ஃபோனைக் காட்டினார். கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்திருந்தது. "பத்தாயிரத்துல ஆரம்பிச்சாங்க தம்பி. நான் வாங்காம இருக்க இருக்க இறங்கிக்கிட்டே வருது. எனக்கென்ன அவசரம்?"

ஊரெல்லாம் பேசிய விலை யுத்தம் இந்த ஒரு பொறுமைசாலியால் நடந்திருக்கிறது. சரவெடி சிரிக்கப் பார்த்தான், கழுத்து விடவில்லை.

மணி மூன்று. அண்ணி சிட்டு முதலாளிக்கு ஃபோன் போட்டாள். "ஆள் கிடைச்சாச்சு சார். உங்க பிசியோ அம்மா கிளினிக்குக்கு வாங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, கடிதத்தையும் எடுத்துட்டு வாங்க." வைத்துவிட்டுத் திரும்பினாள். "புதன்கிழமைக் கழுத்தை வரவைக்க முடியுமாம்மா?"

"நீங்க வரவைக்க வேண்டாம். நேத்து என்னமோ நஷ்டமாம், கழுத்து சுத்தமா பிடிச்சுக்கிச்சுன்னு மூணரைக்கு வர்றேன்னிருக்காரு."

மூன்று இருபத்தைந்துக்குச் சிட்டு முதலாளி படியேறி வந்து பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்தார். தசமம் சுவரோரம் நின்றாள். மூன்றரைக்குக் குட்டையான ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து மறு கோடியில் உட்கார்ந்தார். இருவருக்கும் கழுத்து திரும்பாது. நேர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இரண்டு பேரும் ஒரு நிமிஷம் முழுதாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பக்கத்துல இருக்கறவரை அறிமுகப்படுத்தட்டுமா?" என்றாள் அண்ணி.

இரண்டு பீரோக்களும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. மூக்கும் மூக்கும் ஓரடி தூரத்தில் சந்தித்தன.

"நீயா?" என்றார் சிட்டு.

"நீ இங்க என்ன பண்றே?" என்றார் மின்மினி.

அண்ணி நடந்ததை ஐந்தே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பிசியோ அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். மின்மினி முதலாளியின் குண்டுக் கன்னங்கள் தொங்கின. "இந்தம்மா சொன்ன விலை ரெண்டு தடவை அப்படியே பலிச்சுது. சந்தை நாடியைப் புடிச்சவங்கன்னு நம்பி, என் விலைப்பிரிவையே கலைச்சிட்டேன். ஆறு பேரு."

"நான் யார்கிட்டயும் சொல்லலைன்னு சொன்னது பொய்யில்ல," என்று முணுமுணுத்தார் சிட்டு முதலாளி. "இங்க சொன்னது... இதைச் சொன்னதுல சேர்த்தியாவே நான் நினைக்கல."

"நான் மனுஷி இல்லையா சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார் பிசியோ அம்மா.

சிட்டு முதலாளி சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் தசமத்திடம் நீட்டினார். அவள் வாங்கி நான்காகக் கிழித்தாள். காலையிலிருந்து கல் மாதிரி நின்றவள் இப்போதுதான் சுவரில் சாய்ந்தாள். சரவெடி வேறு பக்கம் பார்த்தான். அவள் வெளியே படிக்கட்டுக்குப் போய்க் கணவனைக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல, போலீஸெல்லாம் வராது" என்று சொல்லும் குரல் கேட்டது.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். உள்ளே இரண்டு முதலாளிகளும் அடுத்த ஃபோனின் விலையைப் பற்றி ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் 6,999 என்றார். இன்னொருவர் 6,800 என்றார். தசமம் அவர்களைத் தாண்டிப் போய்ப் பிசியோ அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த ஃபோன்ல உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

"அதை இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றார் அவர். "கை எப்பவும் எண்ணெய். விரல் வச்சா திறக்காது. பயிற்சி வீடியோ காட்டணும்னா சத்தம் பத்தாது. சாயங்காலம் கடைசி ஆளு வர்றதுக்குள்ள சார்ஜ் செத்துடும்."

"எண்ணெய்க் கையில திறந்து, ராத்திரி எட்டுவரைக்கும் தாங்கினா?"

"அப்படி ஒண்ணு இருந்தா நான் எதுக்குப் பேரம் பேசப் போறேன்?"

தசமம் கிழித்த கடிதத்தின் ஒரு துண்டில், பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். கால்குலேட்டரைத் தட்டினாள். யோசித்தாள். மறுபடி தட்டினாள். உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

இதற்குள் சிட்டு முதலாளி கட்டிலில் குப்புறப் படுத்தாகிவிட்டது. பிசியோ அம்மாவின் விரல் பட்டதும் அவர் தோள்கள் இறங்கின. ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. பழைய மிடுக்கு இல்லை, கொஞ்சம் கெஞ்சலாகக்கூட இருந்தது.

"என்னம்மா எழுதறே? அடுத்ததுக்கு விலை போட்டாச்சா? எவ்வளவு வருது?"

தசமம் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"வெளியிடற அன்னிக்குக் காலையில சொல்றேன் சார். அதுவரைக்கும் உங்ககிட்ட மட்டும் சொல்றதா இல்ல."